இரண்டு வேளையும் தேய்த்தும் பல் ஏன் சொத்தையாகிறது?

கேள்வி சுருக்கமாக இது: "காலையிலும் இரவிலும் தவறாமல் பல் தேய்க்கிறேன். இனிப்பு என்று பெரிதாக ஒன்றும் சாப்பிடுவதில்லை. இருந்தும் இரண்டு கடைவாய்ப் பற்களில் சொத்தை. கீழ் முன்பற்களைத் தேய்த்தால் ரத்தம் வருகிறது, அதனால் அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன். ஸ்கேலிங் செய்யச் சொல்கிறார்கள். செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். ஆறு வயது மகளுக்கும் பின்னால் ஒரு பல்லில் சொத்தை. விழப்போகிற பல்தானே, விட்டுவிடலாமா?"

நாலு கேள்விக்கும் பதில் உண்டு. முதல் கேள்வியில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன். "ஒழுங்காகத் தேய்க்கிறேனே, பிறகு எப்படி?" என்று கேட்பவர்கள் பலரும் கடைசியில் "எங்கள் குடும்பத்துக்கே பல் ராசி இல்லை" என்று பரம்பரை மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் பரம்பரைக்கு அதில் அவ்வளவு பங்கு இருக்காது.

பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுதான். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அது. ஆனால் அதற்குள் உயிரணு கிடையாது, அதனால் ஒரு துண்டு போனால் போனதுதான், திரும்ப வளராது. இந்த எனாமல் மேல் எப்போதும் ஒரு பிசுபிசுப்பான படலம் படிந்துகொண்டே இருக்கும், அதில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் சர்க்கரை சாப்பிட்டால் அவற்றுக்கும் சாப்பாடு. சில நிமிடங்களிலேயே அமிலத்தை வெளியே விடும். பல்லின் மேற்பரப்பில் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். அப்புறம் உமிழ்நீர் வந்து அமிலத்தைத் தணித்து, தன்னிடம் இருக்கும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பித் தரும். வாய் இப்படிப் பழைய நிலைக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். கரைவதும் திரும்பப் படிவதும் எல்லார் வாயிலும் தினமும் நடப்பதுதான். கரையும் நேரம் படியும் நேரத்தை மிஞ்சிவிட்டால் சொத்தை.

ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பது பெரிய கேள்வி. சாப்பாட்டோடு சேர்த்து ஒரு பெரிய இனிப்பைச் சாப்பிட்டு முடித்தவருக்கு ஒரே ஒரு தாக்குதல். சர்க்கரை போட்ட காபியை மேசையில் வைத்துக்கொண்டு காலை முழுவதும் வாய் வாயாக உறிஞ்சுபவருக்கு, கோப்பையில் இருப்பது அரை கரண்டிச் சர்க்கரைதான் என்றாலும், மதியம் வரை வாய் அமிலத்திலேயே இருக்கும். ஸ்வீடனில் வீபெஹோல்ம் என்ற மருத்துவமனையில் 1940-களின் பிற்பகுதியில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். உணவோடு சர்க்கரை கொடுத்தபோது சொத்தை லேசாகத்தான் கூடியது. ஒட்டிக்கொள்ளும் டாஃபியை உணவு வேளைகளுக்கு இடையில் கொடுத்தபோது மளமளவென்று ஏறியது. அங்கே இருந்தவர்கள் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், அவர்களிடம் முறையான சம்மதம் வாங்கவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அப்படி ஒரு ஆய்வை அனுமதிக்காது. பல் மருத்துவம் இன்று சொல்லும் ஓர் அடிப்படை ஆலோசனை அவர்களுடைய பற்களை விலையாகக் கொடுத்து வந்தது என்பது எனக்கு எப்போதும் உறுத்தலான விஷயம்.

உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். ஒரு நாள் முழுக்க, வெறும் தண்ணீர் தவிர வாய்க்குள் போவதையெல்லாம் நேரம் போட்டு எழுதுங்கள். பிஸ்கட், பாட்டில் ஜூஸ், தொண்டைக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் மிட்டாய் மாத்திரை, இருமல் சிரப், உலர்ந்த பழம் எல்லாமே கணக்கு. "இனிப்புச் சாப்பிடுவதில்லை" என்பவர்களின் பட்டியலில்கூட ஏழெட்டு வரிகள் சாதாரணமாக வரும். அதை நாலைந்தாகக் குறைத்தாலே, வேறு எதையும் மாற்றாமல், வாய்க்குத் தன்னைச் சரி செய்துகொள்ள நேரம் கிடைக்கும். இரண்டுக்கும் இடையில் ஏதாவது மெல்லத்தான் வேண்டும் என்றால் சர்க்கரை இல்லாத சூயிங்கம் பரவாயில்லை, உமிழ்நீரைச் சுரக்க வைக்கும்.

உமிழ்நீர் என்றதும் இன்னொன்று. ஒவ்வாமைக்கான மாத்திரைகள், மனச்சோர்வுக்கான மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள் வாயை உலர வைக்கும். சில மாதங்களாகப் புதிதாக மாத்திரை எடுத்து, அதே காலத்தில் சொத்தையும் கூடியிருந்தால் பல் மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சரி, தேய்ப்பதற்கு வருவோம். பேஸ்ட்டில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஃபுளோரைடு. பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பி.பி.எம். வரை இருக்க வேண்டும், டியூபின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். கரைந்துபோன தாது திரும்பப் படியும்போது ஃபுளோரைடு அதோடு சேர்ந்துகொண்டால், புதிதாகப் படிவது பழையதைவிட அமிலத்தை நன்றாகத் தாங்கும். இது தெரியவந்த கதையே தலைகீழானது. ஃபிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போனார். அந்த ஊர்க்காரர்களின் பற்களில் பழுப்புத் திட்டுகள் இருந்தன. காரணம் தேடிக்கொண்டே போனவர், அந்த அசிங்கமான பற்களில் சொத்தை குறைவாக இருப்பதையும் கவனித்தார். தண்ணீரில் இருந்த மிகுதியான ஃபுளோரைடுதான் காரணம் என்பது 1931-இல் தெரிந்தது. அதே பொருளை அளவோடு கொடுத்தால் திட்டு வராமல் பலன் மட்டும் கிடைக்குமே என்ற யோசனை அங்கிருந்துதான் பிறந்தது. ஆக, ஃபுளோரைடு ஆபத்து என்று சொல்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பேஸ்ட்டைத் தேய்த்துத் துப்பிவிடும் பெரியவருக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை.

தேய்த்து முடித்தபின் கை நிறையத் தண்ணீர் அள்ளி நாலைந்து தடவை கொப்பளிப்பவரா நீங்கள்? அதை நிறுத்துங்கள். பல் மேல் தங்க வேண்டிய ஃபுளோரைடு அத்தனையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. நுரையைத் துப்பினால் போதும். முதல் சில நாள் வாயில் பேஸ்ட் ருசி நிற்பது ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும். தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால் இரவில் தேய்ப்பதுதான் இரண்டில் முக்கியமானது. அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது.

பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும். அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும், ஈறோரத்தில் பல் தேய்ந்து பள்ளம் விழும். பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சுமார் 45 டிகிரி சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக இரண்டு நிமிடம். பெரும்பாலானவர்கள் கண்ணாடியில் தெரியும் பக்கத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, தெரியாத பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். உங்கள் நாக்கே இதைச் சொல்லிவிடும்: தேய்த்து முடித்ததும் கீழ் முன்பற்களின் உட்பக்கத்தையும், கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தையும் நாக்கு நுனியால் தடவுங்கள். வழுவழுவென்று இருந்தால் சரி. லேசாகச் சொரசொரத்தால் அங்கே பிரஷ் போகவே இல்லை. கடைசிப் பல்லின் பின்பக்கத்துக்கு வாயை அகலத் திறந்தால் பிரஷ் நுழையாது, கன்னம் இறுகிவிடும். பாதி மூடிய வாயில்தான் இடம் கிடைக்கும். மின்சார பிரஷ் படலத்தைக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கை பிரஷ்ஷை ஒழுங்காகப் பிடிப்பவருக்கு அது கட்டாயமில்லை.

இவ்வளவு செய்தாலும் பல்லும் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கும் இடுக்குக்குள் எந்த பிரஷ்ஷின் நாரும் நுழையாது. கடைவாய்ப் பல்லில் சொத்தை வழக்கமாக இரண்டு இடங்களில் ஆரம்பிக்கும்: மெல்லும் பரப்பின் ஆழமான கோடுகளில், அல்லது இந்த இடுக்கில். உங்களுடையது எங்கே என்று மருத்துவரிடம் கேளுங்கள், எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள். இடுக்கு என்றால் இரவில் ஒரு தடவை ஃப்ளாஸ் நூல் போடுங்கள். பற்களுக்கு இடையில் ஏற்கெனவே சந்து விழுந்திருந்தால் நூலைவிட இடுக்குக்கான குட்டி பிரஷ் நன்றாக வேலை செய்யும். எக்ஸ்ரேயில் எனாமலோடு நிற்கும் ஆரம்பச் சொத்தையும், வெளியே சுண்ணாம்பு நிறத்தில் தெரியும் வெள்ளைத் திட்டும் ஃபுளோரைடாலும் பழக்க மாற்றத்தாலும் அப்படியே நின்றுபோக வாய்ப்புண்டு. ஓட்டையே விழுந்துவிட்டால் அடைத்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது ரத்தம். நீங்கள் செய்வது இயல்பான காரியம்தான், வலிக்கும் இடத்தில் கை வைக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் ஈறு விஷயத்தில் அது நேர்எதிர். டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர் 1965-இல், ஆரோக்கியமான ஈறுள்ளவர்களைப் பல் சுத்தம் செய்வதை அடியோடு நிறுத்தச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்குமே ஈறு வீங்கிச் சிவந்தது. திரும்பச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. ரத்தம் வருவதற்குக் காரணம் அங்கே படலம் தங்குவது. நீங்கள் விட்டுவிட விட்டுவிட இன்னும் தங்கும், இன்னும் ரத்தம் வரும். மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தினமும் தேய்த்தால் முதல் சில நாள் ரத்தம் வரும், வந்துவிட்டுப் போகட்டும். இரண்டு வாரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் படலம் கல்லாகிக் காரை கட்டியிருக்கிறது, அல்லது பிரச்சினை ஈறுக்குக் கீழே போயிருக்கிறது. ரத்தம் நீர்க்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு வாரம் காத்திருக்காமல் காட்டிவிடலாம். புகைபிடிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: புகை ஈறில் ரத்தக் கசிவைக் குறைத்துவிடும், அதனால் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் ரத்தமே வராமல் ஈறு நன்றாக இருப்பதுபோலத் தெரியும்.

கீழ் முன்பற்களில்தான் ஏன் என்றால், நாக்குக்கு அடியில் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் திறப்பது அங்கேதான். கால்சியம் நிறைந்த உமிழ்நீர் நேராக அந்தப் பற்களின் உட்பக்கத்தில் படுகிறது, எடுக்காமல் விட்ட படலம் அங்கே சீக்கிரம் கல்லாகிறது. அதுதான் காரை. கல்லாகிவிட்டால் பிரஷ், பேஸ்ட், எலுமிச்சை, உப்பு எதற்கும் அசையாது, கருவியால்தான் எடுக்க வேண்டும். அதைத்தான் ஸ்கேலிங் என்கிறார்கள்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடுமா? உங்கள் வீட்டில் சொல்வது பொய்யென்று தள்ளிவிட மாட்டேன், அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். நடப்பது இது. பல வருடமாகக் காரை சேர்ந்து, ஈறு வீங்கி, உள்ளே எலும்பு கரைந்திருக்கும். காரையும் வீக்கமும் சேர்ந்து அந்த இழப்பை மறைத்து வைத்திருக்கும். சில இடத்தில் காரையே பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் வீக்கம் வற்றி, சந்து தெரியும், பல் ஆடுவதும் தெரியும். எலும்பு கரைந்தது அன்று காலை இல்லை, அதற்கு முந்தைய பத்து வருடங்களில். சீக்கிரமே செய்துகொள்பவர்களுக்கு இந்த அதிர்ச்சி வராது. சில நாள் கூச்சம் இருக்கலாம், அவ்வளவுதான். கூச்சத்துக்கான பேஸ்ட் உதவும், ஆனால் அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது தொடர்ந்து தேய்க்க வேண்டும்.

போகும்போது ஒன்று கேளுங்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் அளவுகோல் போட்ட மெல்லிய கம்பியை நுழைத்து, "ரெண்டு, மூணு, ரெண்டு" என்று எண்களைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். அது மில்லிமீட்டர். மூன்று வரை பரவாயில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று வந்தால் அங்கே ஈறு பல்லைவிட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது, சாதாரண ஸ்கேலிங்கோடு முடியாது. அந்த எண்களை எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த முறை ஒப்பிடலாம். எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்பது வாய்ப்பாடு இல்லை. உங்களைப்போல் இப்போது பிரச்சினை இருப்பவருக்கு மூன்று நாலு மாதம், எதுவும் இல்லாதவருக்கு வருடக் கணக்கில்கூட இடைவெளி விடலாம்.

நீங்கள் கேட்காததில் மூன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வலியை நம்பி எதையும் தள்ளிப்போடாதீர்கள். குளிர்ச்சி பட்டதும் சுருக்கென்று வந்து உடனே போனால் நரம்பு பெரும்பாலும் பிழைத்துவிடும். ஒரு நிமிடம் நீடித்தாலோ, ராத்திரி தானாகத் தெறித்தாலோ, பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் ரூட் கெனால் வரை போக வேண்டியிருக்கும். தெறித்த வலி ஒருநாள் திடீரென்று நின்றால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை, உள்ளே நரம்பு செத்திருக்கலாம், சீழ் பிறகு வரும். ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வதால் பல்வலி தீராது. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைத்தால் ஈறுதான் வெந்துபோகும். முகம் வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ வாயைத் திறக்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டாவது, வாய்ப்புண் பொதுவாக இரண்டு வாரத்தில் ஆறிவிடும். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண், சுரண்டினால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால் வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும், புகையிலை, பாக்கு பழக்கம் உள்ளவர்கள் கட்டாயம். மூன்றாவது, புளிப்பான பானம் குடித்ததும், வாந்தி எடுத்ததும் உடனே தேய்க்காதீர்கள். எனாமல் இளகியிருக்கும் நேரம் அது. தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் தேய்க்கலாம்.

மகள் விஷயத்தில், முதலில் அது பால் பல்தானா என்று பாருங்கள். நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டு போங்கள். பால் பற்கள் பக்கத்துக்கு ஐந்துதான். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது நிலைப்பல். எந்தப் பல்லும் விழாமலே, எல்லாவற்றுக்கும் பின்னால், ஆறு வயதை ஒட்டி அது சத்தமில்லாமல் முளைத்துவிடும். பெற்றோர் பலர் அதைப் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க மெல்ல வேண்டிய பல், முளைக்கும்போதே கோடுகள் ஆழமாக இருக்கும், சீக்கிரம் சொத்தை பிடிக்கும். சொத்தை இன்னும் பிடிக்காத ஆறாவது பற்களின் கோடுகளை சீலன்ட் பூசி மூடச் சொல்லலாம். துளையிட வேண்டாம், வலிக்காது.

ஐந்துக்குள் இருந்தால் பால் பல். அதிலும் கடைவாய்ப் பால் பற்கள் விழுவது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதில்தான். உங்கள் மகளுக்கு இன்னும் நாலைந்து வருடம் அதில்தான் சாப்பிட வேண்டும். சீழ் வைத்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லைப் பாதிக்கலாம். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், பின்னால் வரும் பல் கோணலாக முளைக்கும். அதனால் அடைத்துவிடுங்கள்.

அவளே தேய்க்கட்டும், ஆனால் ஏழெட்டு வயது வரை இரவில் ஒருமுறை நீங்களும் தேய்த்துவிடுங்கள். பின்னால் நின்று, அவள் தலையை உங்கள் மேல் சாய்த்துக்கொண்டால் உள்ளே நன்றாகத் தெரியும். புதிதாக முளைக்கும் ஆறாவது பல் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருக்கும், பிரஷ்ஷைக் குறுக்காக வைத்துத் தனியாகத் தேய்க்க வேண்டும். பேஸ்ட் பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் அரிசி மணி அளவு.

இந்த வயதில் முன்பக்க நிலைப்பற்களும் வர ஆரம்பிக்கும், ஓடி விழும் வயதும் இதுதான். நிலைப்பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்காக இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒரு நொடி அலசி, தேய்க்காமல், அதே குழியில் திரும்பச் செருகி, ஒரு துணியைக் கடிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். செருக முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அரை மணிக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு. விழுந்தது பால் பல் என்றால் மட்டும் திரும்பச் செருகக் கூடாது, உள்ளே இருக்கும் நிலைப்பல்லில் இடித்துவிடும்.